பித்தளைத் தட்டில் வைத்த தசை

விருந்தாளிக்கு மரியாதையாக உலோஸ் துணியைப் போர்த்துகிற ஆள் அன்றைக்கு ஏன் அவ்வளவு நிதானமாகப் போர்த்தினான் என்று நினைத்தால் தியூர்மாவுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த பெரிய மனிதரின் தோளில் ஒரு முறை போட்டான். மடிப்பு சரியில்லை என்று எடுத்தான். படம் பிடிக்கிறவன் கேட்டான் என்று மறுபடியும் போட்டான். பந்தலுக்குள் மேடான் நகரத்து வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. மேடை ஓரத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் பச்சைப் பட்டு விரித்த பித்தளைத் தட்டு, தட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஏழு வயதுப் பெண் குழந்தையின் தொடையிலிருந்து சற்று முன்னால் வெட்டி எடுத்த தசைத் துணுக்கு.

அது ஐஸில் இருந்திருக்க வேண்டும். ஐஸில் இருந்தபடியே ஓட்டமாக ஓடிவந்து தியூர்மாவின் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அறுவை அறைக்கும் புது ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அந்த முற்றத்தைக் கடக்க அவளும் ஆய்வக உதவியாளர் தோகாரும் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார்கள். தோகாருக்குத் தொப்பை உண்டு, ஆனாலும் நன்றாக ஓடுவார். அந்த முற்றத்தில்தான் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுத் தொலைத்தார்கள்.

ஆய்வகத்தின் பொறுப்பு தியூர்மாவுடையது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும், பெரும்பாலும் தன் மைட்டோகாண்ட்ரியாவில், ஏடிபி என்கிற மூலக்கூறை ஓயாமல் செய்து, ஓயாமல் செலவழிக்கிறது. நிற்பது, நடப்பது, மூச்சு விடுவது எல்லாம் அந்தச் செலவில்தான். நடக்கக் கஷ்டப்படுகிற அந்தக் குழந்தையின் தசை அதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மின்மினிப் பூச்சியிடமிருந்து வந்த நொதி ஒன்றைச் சேர்த்தால், ஏடிபி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஒளி வரும். கருவி அந்த ஒளியை எண்ணிச் சொல்லும். ஒசாகாவில் மூன்று குளிர்காலம் விரல் விறைக்க விறைக்க அவள் கற்றுக்கொண்டு வந்தது இதுதான். இதில் ஒரே ஒரு நிபந்தனை, தசை உயிரோடு இருக்க வேண்டும். வெட்டிய தசை ஐஸில் இருக்கும்வரை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வெயிலில் வைத்தால் செத்துப்போகும். செத்த தசையும் நோயாளியின் தசையும் கருவியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

வரிசையில் கெபாயா உடுத்தி, கொண்டை போட்டு, பொம்மை மாதிரி நிற்க வைக்கப்பட்டிருந்தவள், தட்டில் இருப்பது என்ன என்று புரிந்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தாள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பையன் குறுக்கே வந்தான். நிகழ்ச்சி முழுக்க அவன் பொறுப்பாம். அக்கா முறை வைத்துக் காக் என்றுதான் கூப்பிட்டான்.

"அதை இப்பவே எங்கிட்ட குடு," என்றாள்.

"இருங்க காக். பெரியவரு தட்டோட எடுத்து உங்க கையில குடுப்பாரு. நீங்க ஆய்வக வாசல்ல நின்னு வாங்கிக்கணும். அப்பதான் படம் நல்லா வரும்."

"ஐஸ் பெட்டி எங்க?"

"அந்த மீன் பெட்டியா? அது டிவியில அசிங்கமா தெரியும்னு பின்னாடி வெச்சுட்டோம். கவலைப்படாதீங்க, தட்டுல போட்ட துணி புதுசு."

துணி புதுசாம். அவனை அங்கேயே ஓர் அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. அவனைத் தள்ளிவிட்டு மேசைக்குப் போய்த் தட்டில் கை வைத்தாள். வைத்த கையின்மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியின் இயக்குநர், டாக்டர் மர்வான் லூபிஸ். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் கேமராமேல், பல்லிடுக்கிலிருந்து பேச்சு.

"தியூர்மா, வரிசைக்குப் போ. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்," என்று மரியாதையோடுதான் ஆரம்பித்தாள். "தசை செத்துக்கிட்டிருக்கு."

"இன்னும் ரெண்டு பேச்சு, ஒரு பிரார்த்தனை. அவ்வளவுதான். மானத்தை வாங்காத."

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் முதல் பக்கத்தில் வந்தது. இருவரும் சேர்ந்து பெருமையோடு தட்டைத் தூக்குவதாகக் கீழே எழுதியிருந்தார்கள். எழுதினவன் நாசமாய்ப் போக.

ரெண்டு பேச்சு என்றது நாலாயிற்று. ஒவ்வொருவரும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர், பட்டம், பதவி எல்லாவற்றையும் மூச்சு முட்டச் சொல்லி வணங்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். பிரார்த்தனை முடிந்து, நாடா வெட்டி, தட்டு தியூர்மாவின் கைக்கு வந்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழாயைத் தொட்டாள். அவள் விரலைவிட அது சூடாக இருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் நின்றது. தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது ஒரு குழந்தையின் தொடை. வலித்துக் கொடுத்தது. எங்காவது கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நப்பாசையில் அரைத்தாள், சுழற்றினாள், நொதியைச் சேர்த்துக் கருவியில் வைத்தாள்.

"வெளிச்சம் எங்கம்மா?" என்று பெரிய மனிதர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டார். "மின்மினிப் பூச்சின்னு சொன்னாங்களே."

"கண்ணுக்குத் தெரியாது பாக். மெஷின்தான் எண்ணும்."

"ஓ," என்றார் அவர், காசு கொடுத்து ஏமாந்தவர் மாதிரி. அப்புறம் சாப்பிடப் போய்விட்டார்.

திரையில் கோடு எழும்பவே இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. தியூர்மா கொண்டைக்கு வைத்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைமேல் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிவுக் குறிப்பில், "மாதிரி கெட்ட நிலையில் வந்தது, இந்த அளவை ஏற்க முடியாது" என்று எழுதி இயக்குநருக்கு அனுப்பினாள். அந்த வரியை அவர் அடித்துவிட்டார். அடித்ததோடு விட்டாரா? தானே இறங்கி ஆய்வகத்துக்கு வந்தார், வாயெல்லாம் பல்லாக.

"சுமத்ராவுலயே முதல் கேஸ், தியூர்மா. திறந்த அன்னிக்கே புடிச்சுட்டோம். மைட்டோகாண்ட்ரியா நோய்."

"பாக், நான் அளந்தது அந்தப் பொண்ணை இல்ல. உங்க தட்டை."

"நேரம் ஆனா கொஞ்சம் குறையும், எனக்கும் தெரியும். நானும் டாக்டர்தான். ஆனா இது கொஞ்சமா? சுத்தமா ஒண்ணுமே இல்ல. இது நோய்தான்."

"மீனை வெயில்ல போட்டுட்டு, நாறுதுன்னா கடல்ல கோளாறுன்னு சொல்வீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது," என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது. "ஆதாரம் இருந்தா கொண்டா. இல்லன்னா கையெழுத்துப் போடு. ஒப்பந்தத்துல வேலை பாக்குறோங்கறதையும் ஞாபகம் வெச்சுக்க."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவள் கையெழுத்துக்கு அவர் காத்திருக்கவும் இல்லை. அது மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது.

குழந்தைகள் வார்டின் நடையில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ரஹாயு என்கிற அந்தப் பெண், கட்டுப் போட்ட காலை நீட்டிச் சக்கர நாற்காலியில் இருந்தாள். தாய் துமினி, தெபிங் திங்கி பக்கம் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவள். வயிற்றில் இன்னொரு குழந்தை, ஐந்தாறு மாதம் இருக்கும். பக்கத்தில் மாமியார்க்காரி, மடியில் சோற்றுப் பொட்டலம். தியூர்மாவின் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் மாமியார்க்காரிதான் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே பரிசோதிச்சது? எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது, கேட்டுக்குங்க. எம் மகன் கல்லு மாதிரி இருக்கான். தாய் வழியிலதான் வருமாம், பெரிய டாக்டரே வாயால சொல்லிட்டாரு. மருந்தும் கிடையாதாம். வயித்துல இருக்கறதும் இப்படித்தான் பொறக்குமாம்."

"யாரு சொன்னது?"

"இயக்குநரு. காலையில வந்து எங்ககூட நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டாரு."

துமினி மகளின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிய பொத்தானையே கழற்றி மறுபடி மாட்டினாள். இந்தச் செய்தியைக் கேட்டுத் தோட்டத்திலிருந்து கணவன் போனில் என்ன சொன்னான் என்று கேட்க தியூர்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். ஒரு மனிதன் மேடைக்கு ஆசைப்பட்டான், ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்டது. அந்த நோய் தாயின் ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் பிறக்காத ஒன்றின் தலையிலும் எழுதப்பட்டுவிட்டது. இதையெல்லாம் செய்துவிட்டு அவர் மத்தியானம் மசாலா மீன் சாப்பிட்டிருப்பார், ஏப்பம் விட்டிருப்பார். ஆதாரமா வேண்டும்? தருகிறேன், வயிறு நிறையத் தருகிறேன் என்று நேரே அறுவை டாக்டர் மங்காராவின் அறைக்குப் போனாள்.

"பாங்," என்றாள், அண்ணன் முறை வைத்து. "எந்தொடையிலேருந்து ஒரு துண்டு வெட்டணும்."

மங்காரா காப்பியை வைத்தார். "ராத்திரி தூங்கினியா?"

"ஒரு பாதி ஐஸ்ல. ஒரு பாதி தட்டுல, அதே பந்தல்ல, அதே அளவு நேரம். என் உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கே தெரியும். போன மாசம் சிபாயாக் மலை ஏறினப்ப உங்களுக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு."

"ஆமா. கத்தி எடுங்க."

அந்தக் குழந்தையை வெட்டியது அவர் கைதான். வெட்டிய கையோடு குழாயை ஐஸில் வைத்து அனுப்பியவரும் அவர்தான். "அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு," என்றார். "ஆனா நான் வாயத் திறக்கலயே. நீயாவது போய்க் கை வெச்ச. சரி, வா."

மரப்பு ஊசி போட்டும் வலித்தது. தோல் மரத்துப்போகும், தசை மரக்காது. உள்ளேயிருந்து யாரோ குறடால் பிடுங்குகிற மாதிரி ஒரு வலி. ரஹாயுவைத் தூங்க வைத்து எடுத்திருந்தார்கள், அந்த மட்டும் நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை தோகார் ஓடினார். தொப்பை குலுங்க, முற்றத்தைக் குறுக்கே தாண்டி, ஐஸ் பெட்டியோடு ஓடினார்.

மற்றொரு பாதி தட்டுக்குப் போனது. தட்டையும் பட்டுத் துணியையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், அடுத்த திறப்பு விழாவுக்காக. பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. தோகார் மேசையைப் பழைய இடத்திலேயே போட்டு, குழாயைத் தட்டில் வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் கத்தையாகக் காகிதம்.

"என்ன பாங் அது?" என்று நொண்டிக்கொண்டே வந்த தியூர்மா கேட்டாள்.

"இயக்குநரோட வரவேற்புரை. குப்பைக்கூடையில கிடந்துச்சு. அன்னிக்கு நடந்த மாதிரியே நடக்கணும்னு நீதானே சொன்ன. பேச்சு இல்லாம எப்படி?" என்று எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். "மாண்புக்கும் மரியாதைக்கும் உரிய..."

முற்றத்தில் போன செவிலியர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். தோகார் எல்லாப் பட்டத்தையும் பதவியையும் விடாமல் வாசித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஏனென்றால் இன்னும் மூன்று பேர் பேச வேண்டியிருந்தது. குரல் கட்டிப்போன பிறகுதான் நேரம் சரியாக வந்தது.

ஐஸில் வந்த பாதி கருவியில் கோட்டை மளமளவென்று ஏற்றியது. மலை ஏறுகிற பெண்ணின் தசை எப்படி ஏற்ற வேண்டுமோ அப்படி ஏற்றியது. தட்டில் இருந்த பாதியை வைத்தாள். கோடு தரையில் படுத்துக்கொண்டது. ரஹாயுவின் கோட்டையும் அதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். எது குழந்தையுடையது, எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

இயக்குநர் அறையில் அவர் யாரோடோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தியூர்மா உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். கால் அப்படி வலித்தது. அவர் பேசி முடித்ததும் மேசைமேல் காகிதத்தை வைத்தாள்.

"ரெண்டாவது கேஸ், பாக். பேப்பர்காரங்களைக் கூப்பிடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரு இது?"

"நான்தான்."

"என்ன உளர்ற?"

"எந்தொடை. ஒரு பாதி ஐஸ்ல வந்துச்சு, நல்லா இருக்கு. இன்னொரு பாதி உங்க தட்டுல உக்காந்து உங்க பேச்சைக் கேட்டுச்சு, செத்துப்போச்சு. இதுக்கு நீங்க வெச்ச பேரு மைட்டோகாண்ட்ரியா நோய். எனக்கும் அந்த நோய்னு எழுதுங்க. மருந்து கிடையாதுன்னு சொல்லுங்க. சிந்தாரில எங்கம்மா இருக்காங்க, அவங்க ரத்தத்துல வந்ததுன்னு நேர்ல போய்ச் சொல்லுங்க. எங்கம்மா உங்களை உள்ள விட்டு காப்பி குடுத்து அனுப்ப மாட்டாங்க, அதை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். இல்ல, இதுவும் போதலைன்னா, உங்க தொடையிலேருந்து கொஞ்சம் குடுங்க. மங்காரா கத்தியோட தயாரா இருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு, ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி, "சரி, முடிவைத் திரும்ப வாங்கிடுவோம். எழுதிக்குடு, நான் கையெழுத்துப் போடறேன்," என்றார். அவள் எழுந்திருக்கும்போது சேர்த்துக்கொண்டார். "தாய்கிட்ட மட்டும், கருவியில கோளாறுன்னு சொல்லிடு. புது மெஷின், இன்னும் சரியா அமையலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் நல்லது."

"மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சுது பாக்," என்றாள் தியூர்மா. "அன்னிக்கு இந்த ஆஸ்பத்திரியில வேலைய ஒழுங்கா செஞ்சது அது ஒண்ணுதான்."

வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். மாமியார்க்காரி தரையில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். துமினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரஹாயுவின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். தியூர்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, இருவருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"காலையில உங்ககிட்ட சொன்னது தப்பு. உங்க பொண்ணுக்கு அந்த நோய் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. உங்க ரத்தத்துல எதுவும் இருக்குன்னும் தெரியாது. காலு ஏன் பலவீனமா இருக்குன்னு இன்னும் பாக்கணும். மருந்து இருக்கற நோயாக்கூட இருக்கலாம்."

துமினி பாதத்தைப் பிடிப்பதை நிறுத்தினாள். "அப்ப பரிசோதனை?"

"மறுபடி எடுக்கணும். உங்களுக்குச் சம்மதம்னாதான்."

"மறுபடி வெட்டுவீங்களா?"

"ஆமா."

"ஏன் காக்? முதல்ல வெட்டினது என்ன ஆச்சு?"

கருவிக் கோளாறு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். தியூர்மா ஒன்றையும் பூசி மெழுகவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததை, பந்தலில் வைத்ததை, விழா முடியும்வரை காத்திருந்ததை, தான் போய்க் கை வைத்தும் எடுக்க முடியாததை, எல்லாம் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். மாமியார்க்காரி பாயை விரித்த கையோடு அப்படியே நின்றாள்.

"தட்டுன்னா," என்றாள் துமினி. மெதுவாகத்தான் கேட்டாள். "பித்தளைத் தட்டா? பச்சைத் துணி போட்டு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துமினி வார்டின் சுவரில் உயரமாக மாட்டியிருந்த டிவியைக் காட்டினாள். "அதுல காட்டினாங்க. அப்பதான் இவளை ஆபரேஷன் ரூம்லேருந்து கொண்டாந்து படுக்க வெச்சிருந்தாங்க. மயக்கம் தெளிஞ்சு வலி தாங்காம அழுதா. நம்ம ஆஸ்பத்திரிடி, பாருடின்னு வேடிக்கை காட்டினேன். அந்தப் பெரிய மனுசரு தட்டைத் தூக்கினாரு. ஏதோ பரிசுன்னு நெனச்சேன் காக். இவ ரெண்டு கையையும் புடிச்சு நான்தான் தட்ட வெச்சேன். தட்டுடி தங்கம், தட்டுன்னு."

ரஹாயு தாயையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

துமினி மகளின் பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். கட்டிலைப் பிடித்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். காலால் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"அந்த இயக்குநரு ரூம் எங்க இருக்கு?"

"துமினி, இந்த நேரத்துல..."

"இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்காரு."

"எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க காக். கேக்க வேண்டியதை நான் கேட்டுக்கறேன்."

மாமியார்க்காரி பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாள். தோள் துணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இரு," என்றாள் மருமகளிடம். "நானும் வர்றேன்."